ஆறிலிருந்து ஏழு வரை

லீக்கின் கடிதம் செல்பேசிக்கு வந்தபோது இளவேனில் பீளமேட்டு விடுதியின் மாடிப்படியில் உட்கார்ந்து முழங்காலுக்கு ஐஸ் வைத்துக்கொண்டிருந்தாள். நான்கு பக்கம், ஆங்கிலம். பாதிக்கு மேல் புரியவில்லை. புரிந்த வரைக்கும் விஷயம் இதுதான்: பன்னிரண்டு மாதத்துக்குள் மூன்று முறை மருந்துச் சோதனைக்குக் கிடைக்காமல் போனதால் அவளுக்கு இரண்டு வருடத் தடை.

தென்மண்டல மகளிர் கபடி லீக்கில் அவள் ஐந்து பருவம் ஆடியிருந்தாள். நொய்யல் வேங்கைகள் அணியில் இடது மூலையில் நின்று தடுக்கும் கார்னர். பாடிக்கொண்டு ரைடு வருகிறவளின் கணுக்காலைக் குனிந்து பிடித்தால் பிடித்ததுதான், விடமாட்டாள் என்று பெயர். இருபத்தாறு வயதாகிறது.

லீக்கில் ஆடுகிற எல்லோரும் செல்பேசியில் ஒரு செயலி வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு நாளைக்கும் ஒரு மணி நேரத்தையும் ஓர் இடத்தையும் அதில் முன்கூட்டியே குறித்து வைக்க வேண்டும். எந்த நாளும் அந்த நேரத்தில் சோதனை அதிகாரி வந்து கதவைத் தட்டலாம். போட்டி உண்டா இல்லையா என்பதெல்லாம் கணக்கில்லை. இளவேனில் எப்போதும் காலை ஆறிலிருந்து ஏழு வரை என்றே குறித்தாள். அந்த நேரத்தில் எங்கே போய்விடப் போகிறோம் என்று நினைத்தாள்.

முதல் தடவை அவள் தவறுதான். பயிற்சி முகாமைப் பொள்ளாச்சிக்கு மாற்றியபோது செயலியில் மாற்ற மறந்துவிட்டாள். இரண்டாவது தடவை வெள்ளகோவிலில் வீட்டில்தான் இருந்தாள். அதிகாரி வந்து ஐம்பது நிமிடம் நின்று தட்டியதாக அறிக்கை சொன்னது. முந்தைய நாள் ஊர் திரும்பிய அலுப்பில் தூங்கிப்போயிருப்போம் என்று நினைத்து, கேட்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மூன்றாவது தடவை அவள் எங்கே இருந்தாள் என்பதை யாரிடமும் சொல்லவில்லை. காரணம் என்ற இடத்தில் ‘சொந்த வேலை’ என்று மட்டும் எழுதினாள்.

மேலாளர் ரங்கராஜ் படியேறி வந்து இரண்டு படி கீழேயே நின்றார்.

“இங்க பாரம்மணி, தப்பா எடுத்துக்காத. விதி பதினாலுன்னு ஒண்ணு இருக்குது. தடை வாங்குனவிய லீக்கோட இடத்துல இருக்கப்படாது. இந்த விடுதியும் லீக்கோட இடந்தான்.”

“இன்னிக்கேவுங்களா?”

“சாயங்காலத்துக்குள்ள. மத்த புள்ளைகளுக்கும் அதனால தொந்தரவு வரப்படாது பாரு.”

அவள் பையை எடுத்துக்கொண்டு நடைபாதையில் வந்தபோது பன்னிரண்டு அறைகளின் கதவுகளும் சாத்தியிருந்தன. எப்போதும் ஒரு கதவாவது திறந்திருக்கும், ஏதாவது ஒரு பாட்டு கேட்கும். கடைசியில் துணி துவைக்கும் இடத்தில் பழனியாத்தாள் மட்டும் நின்றுகொண்டிருந்தாள். அணியின் ரைடர், இருபத்தொரு வயது. அப்பாவின் அம்மா பெயரை வைத்ததால் அந்தப் பழைய பெயர், எல்லோருக்கும் பழனி. அவள் இளவேனிலை ஒரு முறை பார்த்தாள். பிறகு குழாயைத் திறந்து ஏற்கெனவே நிறைந்திருந்த வாளிக்குள் தண்ணீர் விட்டாள்.

*

இளவேனிலின் அப்பா ஐயாசாமி ஒருகாலத்தில் பண்ணையத்துக் கூலி. இப்போது சொந்தமாகச் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறார். அம்மா மாரியாத்தாள் அங்கன்வாடியில் உதவியாளர். மகள் பையோடு வந்து இறங்கியதும் இருவரும் எதுவும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் அப்பாதான் கேட்டார்.

“ஏங்கண்ணு, நீ மருந்து எதாச்சும்…”

“இல்லீங்கப்பா.”

“அப்பச் சரி.” அவர் எழுந்து வண்டிக்குப் போய்விட்டார். அதன் பிறகு ஒருநாளும் கேட்கவில்லை. ஆனால் வீதியில் கேட்டார்கள். பேப்பரில் ‘ஊக்க மருந்து விவகாரம்’ என்றுதான் தலைப்பு வந்திருந்தது. சோதனையே நடக்கவில்லை, நடக்காததுதான் குற்றம் என்பதை ஒவ்வொருவரிடமும் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. அவள் விளக்குவதை விட்டுவிட்டாள்.

கரூர் ரோட்டில் ஒரு பெட்ரோல் பங்கில் வேலைக்குச் சேர்ந்தாள். காலை ஏழிலிருந்து மூன்று வரை. நீல நிறக் கோட்டு, தலையில் தொப்பி. முதல் மாதம் பெட்ரோல் போட வருகிறவர்கள் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார்கள்.

“ஏனுங்க, நீங்க டிவியில கபடி ஆடுனவியதானுங்களே?”

“ஆமாங்க. ஜீரோ பாத்துக்குங்க.”

மூன்று மணிக்கு மேல் பயிற்சி. ஊரில் கபடி ஆடும் பெண்கள் இருந்தார்கள். ஆனால் அவர்களில் மூன்று பேர் லீக்கின் இளையோர் பட்டியலில் பதிவு செய்தவர்கள். தன்னோடு ஆடினால் அவர்களுக்கும் தடை வரும் என்று இளவேனிலே ஒதுங்கிக்கொண்டாள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலிருந்த காலி நிலத்தில் ஓடினாள், குனிந்தாள், பக்கவாட்டில் பாய்ந்தாள். கபடியைத் தனியாக ஆட முடியாது என்று அப்போதுதான் அவளுக்கு முழுதாகத் தெரிந்தது. கார்னரில் நிற்கிறவள் பக்கத்தில் இருப்பவளின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நகர வேண்டும். அந்தக் கை இழுக்கும்போது முன்னே போக வேண்டும், தளரும்போது பின்வாங்க வேண்டும். ஐந்து வருடம் அப்படி நின்று பழகிவிட்டதால் தனியாக நிற்கும்போது வலது கை என்ன செய்வதென்று தெரியாமல் காற்றில் தூக்கியபடியே இருந்தது. ஒருநாள் அதைக் கவனித்துவிட்டு, கையை இடுப்பில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றாள்.

*

வழக்கறிஞர் பக்ருன்னிசாவின் அலுவலகம் கோவை நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்தது. கோட்டைமேட்டுக்காரர், ஐம்பது வயதை ஒட்டியவர். மில் தொழிலாளர் வழக்குகளை எடுத்து நடத்துகிறவர். பங்கில் கூட வேலை செய்யும் ஓர் அம்மாவின் மகனுக்கு மில்லில் போன வேலையைத் திரும்ப வாங்கிக் கொடுத்தவர் என்று கேள்விப்பட்டு இளவேனில் வந்திருந்தாள்.

“எனக்குக் கபடியும் தெரியாது, லீக்கும் தெரியாது,” என்றார் பக்ருன்னிசா. “ஆனா தடைன்னா என்ன? வேலைய விட்டு நிறுத்தறதுதானே. அதத்தான் இருபத்திரண்டு வருசமாப் பாத்துட்டிருக்கேன். ஒப்பந்தத்தக் குடு.”

ஒப்பந்தத்தைப் படித்து முடிக்க அவருக்கு அரை மணி நேரம் ஆனது. லீக்கோடு சச்சரவு வந்தால் நேரே நீதிமன்றத்துக்குப் போக முடியாது. இரு தரப்பும் ஏற்கும் ஒரு நடுவர் முன்னால்தான் முறையிட முடியும் என்று அதில் இருந்தது. நடுவரைக் கேட்டு நோட்டீஸ் அனுப்பலாம் என்றார். பிறகு ஒரு பக்கத்தில் விரலை வைத்தார்.

“விதி பதினாலு, ரெண்டாவது பகுதி. ‘பதிவு பெற்ற ஆட்டக்காரர் எவரும் தடை பெற்றவருடன் சேர்ந்து பயிற்சி செய்யக் கூடாது.’ இதனாலதான் உங்கூட யாரும் பேசறதில்லன்னு சொன்னயா?”

“ஆமாங்க மேடம்.”

“பயிற்சி பண்ணப்படாதுன்னுதான் போட்டிருக்கு கண்ணு. பேசப்படாதுன்னு எங்கயும் இல்லையே.”

இளவேனில் அந்த வரியை எட்டிப் பார்த்தாள். மூன்று மாதமாக ஒரு சகாவிடமிருந்தும் அழைப்பு வரவில்லை. விதி தடுக்கிறது, பாவம் அவர்கள் என்ன செய்வார்கள் என்று நினைத்துத்தான் நாட்களைத் தள்ளியிருந்தாள். பக்ருன்னிசா தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, அடுத்த கேள்வியைக் கேட்டார்.

“மூணாவது நாள் எங்க இருந்த?”

“அத விட்டுருங்க மேடம்.”

“எங்கிட்டச் சொல்லாம எப்படி நான் பேசறது? வக்கீல்கிட்டச் சொன்னா வெளிய போகாது.”

பிறகுதான் இளவேனில் சொன்னாள்.

பங்குனியில் பண்ணாரி குண்டம் திருவிழாவுக்குப் பழனி அவளைக் கூப்பிட்டிருந்தாள். பழனியின் வீடு சத்தியமங்கலத்தைத் தாண்டி ஒரு சின்ன ஊரில். மாலையே திரும்பிவிடுவதாக இருந்தது. கூட்டத்தில் பஸ் கிடைக்காமல் அங்கேயே தங்கினாள். விடிந்ததும் செயலியில் இடத்தை மாற்றிக்கொள்ளலாம், ஆறு மணிக்குள் மாற்றினால் போதும் என்று இருந்தாள். ஐந்தரைக்குத் தொட்டிப் பக்கம் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. பழனி ஈரத் தரையில் கிடந்தாள். பல் கிட்டியிருந்தது, கையும் காலும் வலிப்பில் வெட்டி வெட்டி இழுத்தன. அவளுடைய அம்மா அழுதுகொண்டே மகளின் கையில் சாவிக்கொத்தைத் திணித்தாள். இளவேனில் பழனியை ஒருபுறமாகப் புரட்டித் தலையைத் தன் மடியில் தாங்கிக்கொண்டாள். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். செல்பேசி பழனியின் வீட்டிலேயே கிடந்தது.

கண் விழித்ததும் பழனி சொன்ன முதல் பேச்சு, “யாருக்கும் சொல்லிப்போடாதீங்க்கா” என்பதுதான். “இது மூணாவது வாட்டி. லீக்ல தெரிஞ்சா என்னைய ஆட உடமாட்டாங்க. எங்கூட்ல வேற பொழப்பு இல்லீங்க்கா.”

சொல்ல மாட்டேன் என்று இளவேனில் சொன்னாள். பிறகுதான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழு இருபது.

பக்ருன்னிசா பேனாவை மூடினார். “ஆஸ்பத்திரிச் சீட்டு ஒண்ணு போதும். நடுவர்கிட்ட மூடுன கவர்ல குடுக்கலாம். அந்தப் புள்ளைய ஒரு வார்த்த சம்மதம் சொல்லச் சொல்லு.”

“கூப்புட்டேனுங்க. எடுக்கறதில்ல.”

“ஒண்ணு யோசிச்சயா? அந்தப் புள்ள களத்துல ஆடுறப்ப இதே மாதிரி விழுந்து மண்டையில அடிபட்டா? நீ மறைக்கறது அவளுக்கு நல்லதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“எனக்குத் தெரியலீங்க மேடம்,” என்றாள். “ஆனா சொல்ல மாட்டேன்னு சொல்லிப்போட்டேன்.”

*

ஆவணியில் புதிய பருவம் தொடங்கியது. நொய்யல் வேங்கைகளின் எல்லா ஆட்டங்களையும் அவள் செல்பேசியில் பார்த்தாள். ஆட்டத்தைப் பார்த்தாள் என்று சொல்ல முடியாது. பழனி ரைடுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் முப்பது விநாடிக்கு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். நான்கைந்து பேர் மேலே விழுந்து அமுக்கிய பிறகு பழனி எழ ஒரு நொடி தாமதமானால் இங்கே இவள் எழுந்து நின்றுவிடுவாள். பழனி எழுந்து, பின்னலை எடுத்துப் பின்னால் போட்டுக்கொண்டு நடப்பாள். அதற்குப் பிறகுதான் உட்காருவாள். அந்தப் பருவத்தில் பழனிக்கு ஒன்றும் ஆகவில்லை. சிறந்த இளம் ரைடர் என்று கோப்பை வாங்கினாள். இடது கார்னரில் புதிதாக வந்த பெண் நன்றாகவே ஆடினாள்.

இளவேனில் பழனிக்கு ஒரே ஒரு செய்தி அனுப்பினாள்: ‘டாக்டரைப் பாரு கண்ணு.’ படித்துவிட்டாள் என்று நீலக் கோடுகள் காட்டின. பதில் இல்லை.

லீக் தன் தரப்பு ஆவணங்களை அனுப்ப மாசி ஆகிவிட்டது. இருநூறு பக்கக் கட்டு. பக்ருன்னிசா ஒரு நகல் கொடுத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இளவேனில் அதை வீட்டில் பரப்பி வைத்துக்கொண்டு அகராதியோடு உட்கார்ந்திருந்தாள். மாரியாத்தாள் பக்கத்தில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். படிக்கத் தெரியாதவள் இல்லை. ஆனால் ஆங்கிலம் என்பதால் படங்களை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தவள், ஒரு பக்கத்தில் கையை வைத்துவிட்டாள்.

“இது யாரூட்டுக் கதவு?”

“நம்மூடும்மா. ரெண்டாவது வாட்டி வந்தவரு எடுத்த போட்டோ.”

“நம்மூட்டுக் கதவுல எங்கடி சிலுவை இருக்குது?”

இளவேனில் குனிந்து பார்த்தாள். பச்சைக் கதவு. நிலைக்கு மேலே சின்னதாக ஒரு சிலுவை. பக்கத்தில் சுண்ணாம்பில் 42 என்று எழுதியிருந்தது.

“இது பழைய காலனி ஊடு,” என்றாள் மாரியாத்தாள். “ரோட்டுக்கு அந்தப்பக்கம். டெய்சி ஊடு. அவிய ரெண்டு வருசமாத் திருப்பூர்ல இருக்கறாங்க. பூட்டிக் கெடக்குது.”

இவர்கள் வீடு புதுக்காலனியில் 42. முகவரியில் அப்படித்தான் இருந்தது. வந்த அதிகாரி யாரிடமோ காலனி எது என்று கேட்டிருக்கிறார். அவர்கள் ரோட்டிலிருந்தே கை காட்டியிருக்கிறார்கள். எந்தக் காலனி என்று அவர் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. பூட்டிய வீட்டின் கதவை ஐம்பது நிமிடம் தட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

அன்றைக்கு வீட்டில் விழித்துத்தான் இருந்தோமோ என்னவோ என்று இளவேனில் நினைத்தாள். கேட்கவில்லை என்று ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டது நினைவுக்கு வந்தது. யாராவது வந்து நீ தவறு செய்தாய் என்று சொன்னால் உடனே நம்பிவிடுகிற பழக்கம் தனக்கு எப்போது வந்தது என்று யோசித்துப் பார்த்தாள். அப்பாவுக்கும் அது இருந்தது.

*

விசாரணை அவிநாசி ரோட்டில் ஒரு ஹோட்டலின் கூட்ட அறையில் நடந்தது. நடுவர் ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி ஒருவர். லீக்குக்காகச் சென்னையிலிருந்து கிருபாசங்கர் என்ற வழக்கறிஞர் வந்திருந்தார். மென்மையாகப் பேசுகிறவர். கதவுப் படத்தையும், இரண்டு வீடுகளின் வரி ரசீதுகளையும் பக்ருன்னிசா எடுத்து வைத்தபோது அவர் மறுக்கவில்லை. அதைத் தள்ளி வைத்துவிட்டு நேராக மூன்றாவது நாளுக்கு வந்தார்.

“அன்னைக்குக் காலைல எங்க இருந்தீங்க?”

“சத்தியமங்கலத்துலீங்க.”

“என்ன வேலையா?”

“சொந்த வேலைங்க.”

“உங்க தொழில், உங்க பேரு, ரெண்டு வருச வாழ்க்கை எல்லாம் இதுல இருக்கு. அதை விடப் பெரிய சொந்த வேலையா?”

கிருபாசங்கர் ஒரு தாளைப் புரட்டினார்.

“சோதனைக்குப் பயந்துதான் ஒளிஞ்சீங்கன்னு நான் சொல்றேன். அப்படி இல்லைன்னு காட்ட உங்ககிட்ட ஏதாவது இருக்கா?”

“இருக்குதுங்க. ஆனா அது என்னோடது இல்லீங்க.”

நடுவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். “புரியலையேம்மா. வேற யாராவது சம்பந்தப்பட்டிருக்காங்களா?”

பக்ருன்னிசா இளவேனிலின் முகத்தைப் பார்த்தார். மேசைக்கு அடியில் அவருடைய கை, சொல், சொல் என்பதுபோல அசைந்தது. இளவேனில் எதிரே இருந்த தண்ணீர் தம்ளரைப் பார்த்துக்கொண்டு, “அதுக்கு மேல சொல்றதுக்கில்லீங்க ஐயா,” என்றாள்.

ஆனியில் தீர்ப்பு வந்தது. இரண்டாவது தவறு செல்லாது, ஆகவே எண்ணிக்கை மூன்றாகாது, தடை ரத்து. ஒப்பந்தத்தில் மிச்சமிருக்கும் ஒரு பருவத்துக்கு அணி அவளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பதினான்கு மாதம் கழிந்திருந்தது. தீர்ப்பின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: ‘மூன்றாவது நாள் குறித்து வீராங்கனை அளித்த பதில் நம்பத்தகுந்ததாக இல்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.’ மறுநாள் பேப்பரில் அந்த வரிதான் பெரிய எழுத்தில் வந்தது.

“ஜெயிச்சுட்டோம் கண்ணு,” என்றார் பக்ருன்னிசா போனில். பிறகு, “அந்த வரிய நானும் பாத்தேன்,” என்றார்.

*

விடுதிக்குத் திரும்பியபோது எல்லோரும் வாங்க்கா என்றார்கள். மரியாதையாக இருந்தார்கள். அவள் நுழைந்தால் பேச்சு நின்றது. வெளியே போனதும் தொடங்கியது. பாதிப் பேர் புதியவர்கள். அவளுக்குத் தனி அறை கொடுத்திருந்தார்கள். “ரெஸ்ட்டு நல்லா எடுக்கலாம் பாரு,” என்றார் ரங்கராஜ். பழனி அங்கே இல்லை. ஏலத்தில் சென்னை அணிக்குப் போயிருந்தாள்.

முதல் மூன்று ஆட்டங்களிலும் இளவேனிலை வெளியே உட்கார வைத்தார்கள். நான்காவது ஆட்டம் கோவையிலேயே, சென்னை அணியோடு. இரண்டாம் பாதியில் இடது கார்னர் பெண்ணுக்குத் தோள் விலகியதால் வேறு வழியில்லாமல் அவளை இறக்கினார்கள். அரங்கில் யாரோ “ஊசி!” என்று கத்தினார்கள். சிலர் சிரித்தார்கள். பக்கத்தில் நின்ற பெண் கையை நீட்டினாள். இளவேனில் அதைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை மாதத்துக்குப் பிறகு ஆட்டத்தில் ஒரு கை. வேர்த்துப் பிசுபிசுவென்று இருந்தது. அவள் அதைக் கொஞ்சம் அழுத்தமாகவே பிடித்துவிட்டாள் போலிருக்கிறது, அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள்.

இரண்டு நிமிடம் மீதி இருக்கையில் பழனி ரைடுக்கு வந்தாள். நொய்யல் வேங்கைகள் ஒரு புள்ளி முன்னால் இருந்தார்கள். பழனி நடுக்கோட்டைத் தாண்டியதும் இளவேனிலைப் பார்த்தாள். பார்த்ததும் வலப்பக்கமாக ஒதுங்கினாள். பிறகு வேறு வழியில்லாமல் இடது மூலைக்கு வந்து காலை நீட்டினாள். இளவேனில் குனிந்தாள். கணுக்கால் கைக்குள் வந்துவிட்டது. பதினான்கு மாதம் காலி நிலத்தில் பாய்ந்து பழகியது அந்தப் பிடியில் இருந்தது. பழனி நிலை தடுமாறிப் பின்புறமாகச் சரிந்தாள். தலை முதலில் தரைக்குப் போவதை இளவேனில் கண்டாள்.

யோசித்துச் செய்ததல்ல அது. அவளுடைய ஒரு கை கணுக்காலை விட்டுவிட்டுப் பழனியின் தலைக்கு அடியில் போனது. மண்டை அவள் உள்ளங்கையில் வந்து விழுந்தது. ஒரு நொடி இருவரின் முகமும் அருகருகே இருந்தன. பழனி அந்தக் கையை உணர்ந்தாள் என்பது அவள் கண்ணில் தெரிந்தது. பிறகு அவள் புரண்டு, இளவேனிலின் மற்றொரு கையின் பிடியிலிருந்து காலை உருவிக்கொண்டு, அமுக்க வந்த இன்னொருத்தியையும் தட்டிவிட்டு நடுக்கோட்டைத் தொட்டாள். இரண்டு புள்ளி. ஆட்டம் சென்னைக்குப் போனது.

“கைல வந்த கால எதுக்கு உட்ட?” என்று ரங்கராஜ் எல்லோர் முன்னாலும் கேட்டார். “உடமாட்டான்னு உனக்குப் பேரே இருக்குது. நீ உட்டா நாலு பேரு என்ன நெனப்பாங்க?”

“வழுக்கிப்போச்சுங்க,” என்றாள் இளவேனில்.

அடுத்த ஆட்டத்தில் மறுபடி வெளியே உட்கார வைத்தார்கள்.

நான்கு நாள் கழித்துப் பக்ருன்னிசா கூப்பிட்டார். பழனி லீக்கின் மருத்துவரிடம் தானாகப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். சத்தியமங்கலத்து ஆஸ்பத்திரிச் சீட்டையும், அன்றைக்கு யார் கூட வந்தது என்று ஒரு கடிதத்தையும் கொடுத்திருக்கிறாள். லீக் அவளை இந்தப் பருவத்திலிருந்து விடுவித்து வைத்தியத்துக்கு அனுப்பியிருக்கிறது. “நடுவருக்கு எழுதி அந்த ஒரு வரிய நீக்கச் சொல்லலாம்,” என்றார். இளவேனில் சரி என்றாள். மகிழ்ச்சி வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். வரவில்லை. பழனி இப்போது எந்த அறையில், யார் பக்கத்தில் இருப்பாள் என்பதுதான் நினைப்பில் ஓடியது.

விடுப்பு கிடைத்த முதல் நாள் சத்தியமங்கலத்துக்குப் பஸ் ஏறினாள்.

பழனி வீட்டு வாசலில் முறத்தில் மஞ்சளைக் காய வைத்துக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் நிமிர்ந்தாள். அழவில்லை. “எதுக்கு வந்தீங்க?” என்றாள்.

“சும்மா. பாத்துட்டுப் போலாம்னு.”

“உங்கள யாருங்க்கா மறைக்கச் சொன்னா?” பழனியின் குரல் உயர்ந்தது. உள்ளேயிருந்து அவள் அம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். “சரி, நாந்தான் சொன்னேன். அன்னிக்குப் பயத்துல சொன்னேன். அதுக்காகப் பதினாலு மாசமுங்களா? நீங்க ஒரு வாட்டி சொல்லியிருந்தா உங்கமேல கோவப்பட்டிருப்பேன், அதோட தீந்திருக்கும். போன எடுத்தா, ‘பரவால்ல கண்ணு’ன்னு சொல்லுவீங்கன்னு தெரியும். அதக் கேக்கறதுக்குப் பயந்துட்டுத்தான் எடுக்கல. கோப்பை வாங்குனேன் பாருங்க, அன்னிக்கு மேடையில உங்க மூஞ்சிதான் தெரிஞ்சுது.”

இளவேனில் முறத்தருகில் உட்கார்ந்தாள். பழனி சொல்வதில் நியாயம் இருக்கிறதா என்று தெரியவில்லை. கொஞ்சம் இருப்பதுபோலத்தான் பட்டது.

“எனக்கும் கோவந்தான்,” என்றாள். அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் முறை. “பரவால்லன்னு சொல்லியிருக்க மாட்டேன். நீ வாளில தண்ணி புடிச்சுட்டு நின்ன பாரு. வந்து ஒரு வார்த்த போய்ட்டு வாங்கன்னு சொல்லியிருக்கலாம்.”

பழனி தலையைக் குனிந்துகொண்டாள். மஞ்சளைக் கையால் பரப்பினாள், மறுபடி பரப்பினாள்.

“தலைக்குக் கீழ கைய வெச்சீங்களே,” என்றாள் மெல்ல. “அப்பத்தான் நெனச்சேன். இன்னும் எனக்காக யாராச்சும் தோத்துட்டே இருக்கோணுமான்னு.”

“டாக்டர் என்ன சொல்றாரு?”

“ஒரு வருசம் வலிப்பு வராம இருந்தா ஆடலாமுங்களாம். பாக்கலாம்.”

பழனியின் அம்மா சோறு போட்டாள். சாப்பிட்டார்கள். நாலு மணிக்கு இளவேனில் கிளம்பியபோது பழனி செருப்பை மாட்டிக்கொண்டு கூட வந்தாள். பஸ் நிறுத்தம் வரை இருவரும் நடந்தார்கள். புளியமரத்தடியில் வேறு யாரும் இல்லை. கோவை பஸ் தூரத்தில் திரும்புவது தெரிந்தது. இளவேனில் பையைத் தோளில் ஏற்றினாள்.

“அடுத்த பஸ்ல போலாமுங்க்கா,” என்றாள் பழனி, அவள் முகத்தைப் பார்க்காமல்.

பஸ் வந்து நின்றது. ஏறலையா என்று நடத்துனர் கேட்டார். இல்லை என்று இளவேனில் தலையசைத்தாள்.